கிக்குயு புல்லை உருவி, குறிஞ்சிக்கு இடம் விடுவது எப்படி

2006இல் குறிஞ்சி பூத்தபோது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். கொடைக்கானல் மலையில் மன்னவனூர் பக்கம், எங்கள் பூண்டுக் காட்டுக்கு மேலே இருக்கிற சரிவு முழுக்க நீலம். தேனீ இரைச்சல் வீட்டு வாசல் வரைக்கும் கேட்டது. 2018இல் அதே சரிவில் 41 செடிகள்தான் பூத்தன. நோட்டுப் புத்தகத்தில் கோடு போட்டு எண்ணி முடித்தபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. குறிஞ்சியைப் போய் யாராவது எண்ணுவார்களா?

குறிஞ்சி பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை பூத்து, காய் முற்றி, விதை உதிர்த்துவிட்டுச் செடியே செத்துப்போகும். அடுத்த தலைமுறை முழுக்க அந்த விதையில்தான் இருக்கிறது. அதனால் அடுத்த மழைக்குப் பிறகு நாற்றுத் தேடிப் போனேன். சரிவின் கீழ்ப்பாதியில் கிக்குயு புல் மெத்தை மாதிரி மூடிக்கிடந்தது. கையை உள்ளே விட்டால் மணிக்கட்டு வரைக்கும் புல். அதற்கும் கீழே மக்கிய சருகு. மண்ணையே தொட முடியவில்லை. அங்கே ஒரு நாற்றுகூட இல்லை. மேலே பாறை ஓரத்தில் பழைய புல் கொத்துக் கொத்தாக நின்ற இடத்தில், ஒரு கொத்துக்கும் இன்னொரு கொத்துக்கும் நடுவே நாலு விரல் அகலத்துக்கு மண் தெரிந்தது. அந்த இடைவெளிகளில் எதிரெதிர் இலை விட்டு, கட்டைவிரல் உயரத்தில் குறிஞ்சி நாற்றுகள்.

நான் சொல்லப்போகிற எல்லாமே அந்த நாலு விரல் இடைவெளியைப் பற்றியதுதான். நம் மலைப் புல் தூர் கட்டி வளரும், பக்கத்தில் இடம் விடும். காட்டு லில்லி, தரையில் வளரும் ஆர்க்கிட், பூச்சி பிடிக்கும் சூரியப்பனி, குறிஞ்சி நாற்று எல்லாம் அந்த இடத்தில்தான் குடியிருக்கின்றன. கிழக்கு ஆப்பிரிக்க மலைகளிலிருந்து வந்த கிக்குயு ஓடுதண்டு விட்டுப் படரும். ஒவ்வொரு கணுவிலும் வேர் விடும். அது இடமே விடாது. புல்வெளியைத் திரும்பக் கொண்டுவருவது என்றால் முதலில் அந்த இடைவெளியைக் கொண்டுவருவது. புல் நடுவதெல்லாம் அப்புறம்.

கை வைக்கும் முன்

ஒரு முழு வருடம் சும்மா பாருங்கள். இதைச் சொன்னால் பலருக்குக் கோபம் வருகிறது, ஆனாலும் சொல்கிறேன். ஒரு பாறையைக் குறித்துவைத்து, மாதத்தில் ஒரு நாள் அதன் மேல் நின்று அதே திசையில் போட்டோ எடுங்கள். எந்த இடத்தில் எது பூக்கிறது என்று மூங்கில் குச்சி நட்டு அடையாளம் வையுங்கள். லில்லி மழைக்காலத்தில் சில வாரம்தான் வெளியே தெரியும். மற்ற மாதங்களில் மண்ணுக்குள் கிழங்காகக் கிடக்கும். குச்சி இல்லாவிட்டால் களை எடுக்கிற அன்று உங்கள் மண்வெட்டிதான் அதை வெட்டும்.

அந்த வருடத்திலேயே அனுமதி வேலையையும் முடித்துவிடுங்கள். வனத்துறை நிலம் என்றால் அனுமதி இல்லாமல் ஒரு விதைகூட எடுக்கக் கூடாது. பட்டா நிலமாக இருந்தாலும் மரம் வெட்டுவதற்கு 1955ஆம் ஆண்டு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சீகை (வாட்டில்) வெளிநாட்டு மரம்தானே என்று நாமாக முடிவு செய்து கோடாலியைத் தூக்கக் கூடாது. வனச்சரக அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். புல்வெளி மீட்பில் அரசுக்கே இப்போது அக்கறை வந்திருக்கிறது. 2022இல் அறிவித்த நீலகிரி வரையாடு திட்டத்தில் வரையாடு மேய்கிற புல்வெளிகளைச் சரிசெய்வதும் ஒரு பகுதி. ஆகவே காரணத்தைத் தெளிவாக எழுதிக்கொடுத்தால் கேட்கிறார்கள்.

நல்ல இடத்திலிருந்து தொடங்குங்கள்

நான் செய்த பெரிய தவறை முதலில் சொல்லிவிடுகிறேன். 2019இல் ஆத்திரத்தில், கிக்குயு மோசமாக இருந்த கீழ்ப்பக்கம் அரை ஏக்கரை ஆள் வைத்து மண்வெட்டியால் கொத்திப் புரட்டினேன். நாலு நாள் வேலை. பார்க்க அவ்வளவு சுத்தமாக இருந்தது. ஆறு வாரம் கழித்துப் போனால், வெட்டுப்பட்ட ஒவ்வொரு துண்டும் தனிப் புல்லாகத் தளிர்த்திருந்தது. அதோடு, மண்ணுக்குள் பல வருடமாகக் கிடந்த சீகை விதைகள் வெளிச்சம் பட்டதும் முளைத்து, கால் வைக்க இடமில்லாமல் நின்றன. சீகை விதை மண்ணில் ஐம்பது வருடம்கூட உயிரோடு கிடக்கும் என்பது எனக்கு அதற்குப் பிறகுதான் தெரிந்தது. அந்த அரை ஏக்கரில் இன்றைக்கும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன்.

சிட்னியில் பிராட்லி சகோதரிகள் என்று இரண்டு பேர், 1960களில் தங்கள் ஊர்க் காட்டில் கையாலேயே களை எடுத்து ஒரு முறையைக் கண்டுபிடித்தார்கள். நல்ல இடத்திலிருந்து கெட்ட இடத்தை நோக்கிப் போ. மண்ணை முடிந்தவரை கலைக்காதே. சொந்தச் செடி திரும்பி வருகிற வேகத்துக்கு மேல் நீ வேகமாகப் போகாதே. மூன்றே விதி. நான் கொத்திப் புரட்டியபோது மூன்றையும் ஒரே வாரத்தில் மீறியிருந்தேன்.

இப்போது செய்வது இதுதான். பாறை ஓரத்தில் நல்ல புல் முடிந்து கிக்குயு ஆரம்பிக்கிற எல்லையில் உட்காருகிறேன். அந்த எல்லையில் கலந்து கிடக்கிற கிக்குயுவை மட்டும் எடுக்கிறேன். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குப் பத்தடிக்குப் பத்தடி போதும். அதற்கு மேல் செய்தால் கை அவசரப்படும்.

உருவுகிற விதம்

மழை பெய்து இரண்டு நாள் கழித்துப் போங்கள். மண் ஈரமாக, ஆனால் கையில் ஒட்டாமல் இருக்க வேண்டும். பல் வைத்த மண்வெட்டியைச் செருகி, புரட்டாமல் லேசாக நெம்பி மண்ணைத் தளர்த்துங்கள். அப்புறம் ஒரு ஓடுதண்டின் நுனியைப் பிடித்து, அது போகிற திசையிலேயே தரையை ஒட்டி மெதுவாக இழுங்கள். கணுவுக்குக் கணு வேர் விட்டிருப்பதால் ஒவ்வொரு கணுவிலும் பிடிக்கும். அந்த இடத்தில் இன்னொரு கையின் விரலைக் கணுவுக்கு அடியில் விட்டு நெம்ப வேண்டும். நன்றாக வந்தால் மூன்று நான்கு அடி நீளத்துக்கு, புடவை ஓரத்திலிருந்து நூல் பிரிகிற மாதிரி வரும். மண்ணுக்குள் வெள்ளையாக, தடித்து, செதில் மூடி ஓடுகிற தண்டு இன்னொன்று உண்டு. அதை விட்டால் மேலே எடுத்தது வீண்.

எங்களோடு வேலை செய்கிற அக்கா ஒருவர் முதல் நாளே சொன்னது: “தம்பி, அறுந்தா ஒண்ணு நூறாகும். உருவணும், அறுக்கக் கூடாது.” அவர் பூண்டு வயலில் களை எடுத்துப் பழகிய கை. நான் பத்தடி முடிப்பதற்குள் அவர் இருபது முடிப்பார், அவர் பின்னால் ஒரு துண்டு கிடக்காது.

எடுத்ததை எருக்குழியில் போடாதீர்கள், மாட்டுக்கும் வழியெல்லாம் சிந்திக்கொண்டு போகாதீர்கள். நான் பாறை மேல் பரப்பி வெயிலில் மொறுமொறுவென்று காயவிடுகிறேன். மழை நாளில் சாக்கில் கட்டி வீட்டுத் தாழ்வாரத்தில் தொங்கவிடுகிறேன். எடுத்த இடத்தில் தளர்ந்த மண்ணைக் காலால் மிதித்து இறுக்கிவிட வேண்டும். பொதபொதவென்று விட்டால் யூபடோரியம் என்கிற களையும் சீகையும்தான் முதலில் வரும்.

ஆறு வாரத்தில் திரும்பப் போங்கள். பிறகு மறுபடி ஆறு வாரத்தில். ஒரே இடத்தை முதல் வருடத்தில் எட்டு முறையாவது தொட வேண்டியிருக்கும். இரண்டாவது வருடத்தில் பாதியாகக் குறையும். இதைக் கேட்டதும் ‘குட்டையாக வெட்டிவிட்டால் போதாதா’ என்று கேட்பார்கள். போதாது. கிக்குயுவைக் குட்டையாக வெட்டினால், மாடு குட்டையாக மேய்ந்தால், அது பூக்கத் தொடங்கும். காலையில் குனிந்து பாருங்கள்: இலை மட்டத்துக்கு மேலே மெல்லிய வெள்ளை நூல்கள் நீட்டிக்கொண்டிருக்கும். அதுதான் அதன் பூ. மகரந்தக் காம்பு மட்டும் வெளியே தெரியும். விதை இலையுறைக்குள்ளேயே முற்றும். அதை மாடு தின்று, சாணத்தில் வேறு இடத்துக்குக் கொண்டுபோகும். எனவே மேய்கிற மாடு உங்கள் நல்ல பகுதிக்குள் வராமல் வேலி வேண்டும். பக்கத்துக் காட்டுக்காரரிடம் சண்டை போட்டு இதைச் சாதிக்க முடியாது. அவருக்குக் கிக்குயு நல்ல தீவனம், அது உண்மைதான். கீழ்ப்பக்கம் இருக்கிற கிக்குயுவை அவர் மாட்டுக்கே விட்டுவிட்டேன். மேலே வரக் கூடாது என்று மட்டும் பேசி முடித்தோம். இரண்டுக்கும் நடுவே ஒரு அடி ஆழத்துக்குக் குறுகலான வாய்க்கால் வெட்டியிருக்கிறேன். மாதம் ஒருமுறை அதன் குறுக்கே பாலம் போட்டு நிற்கிற ஓடுதண்டுகளை அறுத்துவிட்டால் போதும்.

உருவவே முடியாத அளவுக்கு அடர்ந்த இடத்தில் மூடாக்குப் போடுங்கள். பழைய அட்டைப்பெட்டிகளை ஒன்றின் மேல் ஒன்று ஏறும்படி விரித்து, மேலே நனைந்த சாக்கு, ஓரங்களில் கல். வெளிச்சம் துளிகூடப் போகக் கூடாது. வெயிலில் வேகவைக்கும் கண்ணாடித்தாள் முறை சமவெளிக்குச் சரி. இந்தக் குளிரில் அது அடியில் புல்லுக்கு வெதுவெதுப்புக் கொடுப்பதோடு சரி. எனக்கு மூடாக்கு எட்டு மாதம் எடுத்தது. களைக்கொல்லியை நான் தொடுவதில்லை. எங்கள் சரிவின் அடியில் இருக்கிற ஊற்றில்தான் ஆறு வீடுகள் தண்ணீர் எடுக்கின்றன.

சீகையும் உரமும்

சரிவின் மேற்குப் பக்கச் சீகைகளை நட்டது என் அப்பா. 1984இல் விறகுக்கும் பட்டைக்கும் என்று நட்டார். அந்தக் காலத்தில் தோல் பதனிடப் பட்டை தேவைப்பட்டது, நடச் சொல்லி எல்லோரும் ஊக்கப்படுத்தினார்கள். புல்வெளி என்றாலே வெறும் தரிசு என்று நினைத்த காலம் அது. அப்படி நட்டும் உழுதும் பழனி மலையின் உயரமான பகுதியில் நாற்பது வருடத்தில் புல்வெளி மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. செயற்கைக்கோள் படங்களை வைத்துக் கணக்கிட்டவர்கள் 2018இல் வெளியிட்டது இது. அப்பாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “நாற்றுப் பிடுங்க எப்ப போறே?” என்று கேட்டார். அன்றிலிருந்து சீகை நாற்றுப் பிடுங்குவது அவர் வேலை.

முழங்கால் உயரம் வரைக்கும் இருக்கிற நாற்றை ஈர மண்ணில் வேரோடு பிடுங்கிவிடலாம். அதைவிடப் பெரியதை அனுமதியோடு தரைமட்டத்தில் அறுத்து, அடிக்கட்டையின் பட்டையை மண்ணுக்குக் கீழே வரைக்கும் உரித்துவிட வேண்டும். வளர்ந்த மரங்களை ஒரே நேரத்தில் வெட்டித் தள்ளாதீர்கள். அடியில் சோலை என்கிற நம் மலைக்காட்டின் மரக்கன்றுகள் வந்திருந்தால் அந்தப் பகுதியைச் சோலைக்கே விட்டுவிடுங்கள். வயதான சீகை நிழலில் சோலை மெல்லத் திரும்புகிறது. மற்ற இடத்தில், களை எடுக்க எவ்வளவு ஆள் இருக்கிறதோ அந்த அளவுக்கு மட்டும் வெளிச்சத்தைத் திறந்துவிடுங்கள். கழிவைக் கொளுத்தவே கூடாது. சூடு பட்டால் சீகை விதை மொத்தமாக விழித்துக்கொள்ளும்.

சீகையும், ஸ்காட்ச் புரூம் என்கிற வெளிநாட்டுப் புதரும் அவரைக் குடும்பம். காற்றிலிருந்து தழைச்சத்தை மண்ணில் சேர்ப்பவை. விவசாயிக்கு அது வரம். புல்வெளிக்கு அது கேடு. நம் மலைப் புல் சத்துக் குறைந்த மண்ணில் வாழப் பழகியது. சத்து ஏறினால் கிக்குயுதான் குதிக்கும். அதனால் எரு, யூரியா, மண்புழு உரம் எதுவும் வேண்டாம். சீகைச் சருகை வாரி வெளியே எடுங்கள். நான் அதைப் பூண்டுக் காட்டுக்குக் கொண்டுபோகிறேன். புல்வெளியில் குறைய வேண்டியது வயலில் கூடுகிறது, சரியான கணக்கு.

இன்னொன்று: ஆர்வத்தில் புல்வெளியில் மரக்கன்று நடாதீர்கள், சோலை மரமாக இருந்தாலும். டிசம்பர், ஜனவரி உறைபனி திறந்த வெளியில் அந்தக் கன்றுகளைக் கருக்கிவிடும். புல்வெளி புல்வெளியாகவே இருப்பதற்கு அந்தப் பனியும் ஒரு காரணம்.

புல் நடுவது

எல்லையில் ஒழுங்காகக் களை எடுத்தால் பாதி இடத்தில் புல் தானாக வரும். வராத இடத்துக்கு மட்டும் நடுங்கள்.

விதை என்றால் அதே மலையிலிருந்து, பல கொத்துகளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுக்க வேண்டும். பத்துக் கதிரில் ஒன்றுக்கு மேல் நான் உருவுவதில்லை. காய்ந்து செம்பு நிறமாகும் தெமெடா, காலுறையில் ஒட்டிக்கொண்டு வரும் கிரைசோபோகன், பாறை மேல் மயிர் மாதிரி நிற்கும் ட்ரைபோகன், இவை மூன்றும்தான் எங்கள் சரிவில் அதிகம். தெமெடா விதையில் கருப்பாக முறுக்கிய மீசை ஒன்று இருக்கும். உள்ளங்கையில் வைத்து ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள்: மீசை மெதுவாக முறுக்கு அவிழ்ந்து சுழலும். ஈரமும் காய்ச்சலும் மாறி மாறி வரும்போது அப்படித்தான் விதை தன்னைத்தானே மண்ணுக்குள் திருகிக்கொள்கிறது. அதனால் இதை ஆழமாகப் புதைக்கக் கூடாது. மண்ணைச் சுரண்டி, தூவி, மிதித்துவிட்டால் போதும். கையில் நிறைய இருப்பதுபோல் தெரியும், ஆனால் பாதிக்கு மேல் பதர். நகத்தால் கிள்ளிப் பார்த்தால் உள்ளே கெட்டியாக இருப்பதுதான் முளைக்கும். துணிப்பையில் நிழலில் காயவைத்து, மழை தொடங்கும்போது தூவுங்கள்.

என்னைக் கேட்டால் தூர் பிரித்து நடுவதுதான் நம்பிக்கையானது. நன்றாகத் தூர் கட்டிய கொத்து ஒன்றை எடுத்து, ஐந்தாறு தண்டுகள் சேர்ந்த சிறு பிடிகளாகப் பிரிக்க வேண்டும். தழையை ஒரு சாண் விட்டு நறுக்கி, அந்த இடத்து மண்ணையே நிரப்பிய சிறு பையில் வையுங்கள். ஒரு கொத்து பதினைந்து பிடி கொடுக்கும். நாலு மாதத்தில் வேர் பை நிறைந்துவிடும். ஜூன் மழையில் ஒரு அடிக்கு ஒன்று என்று நடுங்கள், நெருக்கமாக வேண்டாம். நடுவே வெறும் மண் தெரிவதைப் பார்த்து மனம் பதைக்கும். பதைக்கட்டும். அந்த இடம் பூவுக்கு.

பூச்செடிகளை வேறு இடத்திலிருந்து தோண்டி வந்து நடாதீர்கள். தரை ஆர்க்கிட்டின் விதை தூசு மாதிரி இருக்கும். மண்ணில் இருக்கிற ஒருவகைப் பூஞ்சையின் துணை இல்லாமல் அது முளைக்காது. தோண்டி எடுத்துவந்தால் இருந்த இடத்திலும் இல்லை, வந்த இடத்திலும் இல்லை. லில்லியின் விதை தட்டையாக, காகிதச் சில்லு மாதிரி இருக்கும். காய் வெடிக்கும்போது காற்றே கொண்டுபோகும். உங்கள் நிலத்திலேயே செடி இருந்தால், ஒரு காயின் விதையைக் களை எடுத்த இடைவெளிகளில் தூவலாம். நான் 2020இல் தூவினேன். முதல் இரண்டு வருடம் ஒற்றை இலைதான் வந்தது. ஐந்தாவது வருடம், 2025 ஆகஸ்டில், இடுப்பு உயரத் தண்டில் ஒரே ஒரு வெள்ளைப் பூ, ஊதல் மாதிரி நீண்டு பக்கவாட்டில் சாய்ந்து நின்றது. அப்பாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய்க் காட்டினேன். அவர் அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்து ரொம்ப நேரம் எழுந்திருக்கவில்லை.

2030க்கு முன்னால்

அடுத்த குறிஞ்சி 2030இல். பூக்கிற வருடத்துக்கு நம் வேலை தேவையில்லை. விதை விழுந்து முளைக்கிற அடுத்த மழைக்குத்தான் மண் தயாராக இருக்க வேண்டும். பாறை ஓரத்துத் துண்டு இப்போது கால் ஏக்கரைத் தாண்டியிருக்கிறது. அதில் 2019இல் முளைத்த குறிஞ்சிகள் 230 நிற்கின்றன.

வருடத்தில் ஒரு வாரத்தை மட்டும் எதற்காகவும் விட்டுவிடாதீர்கள். பனிக்காலம் முடிந்து எல்லாப் புல்லும் வெளிறிக் கிடக்கும்போது, முதல் கோடை மழை விழும். அந்த மழைக்கு முதலில் பச்சை கட்டுவது கிக்குயு. வைக்கோல் நிறச் சரிவில் எங்கே ஒரு சாண் பளிச்சென்று பச்சையாகத் தெரிகிறதோ, அங்கே நீங்கள் விட்டுவைத்த துண்டு இருக்கிறது. சிவப்புத் துணி கட்டிய குச்சிகளை ஒரு கட்டு எடுத்துக்கொண்டு, செருப்பில் ஒட்டிய மண்ணை வாசலிலேயே உதறிவிட்டு, மேலிருந்து கீழாக நடந்து ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு குச்சி நட்டுவிடுங்கள். மறுநாள் காலையில் முதல் குச்சியிலிருந்து உருவத் தொடங்கலாம்.